சிதேரிக்கு ஓர் ஆமைத் துணி

சிதேரியின் தையல் கடைக்கு ஏறும் மாடிப்படியின் உச்சியில், வாசலை அடைத்துக்கொண்டு நின்று, தோரிகா அவளைக் கட்டிப்பிடித்தாள். ஒப்புக்குக் கட்டிப்பிடிக்கிற ரகம் இல்லை அது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், விரல் எதுவரை எட்டுகிறது, நடுவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கண்ணை மூடிக் கணக்குப் போடுகிற ரகம். ஒரு சாண் மிச்சம், அதற்கு மேல் இன்னும் நாலு விரல். தோரிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாகப் பார்க்கிறாள், சிதேரி இவ்வளவு குண்டா? எப்போதும் போட்டுக்கொண்டிருக்கும் அந்தத் தொளதொளத்த கறுப்பு அங்கிக்குள் இவ்வளவு உடம்பா ஒளிந்திருந்தது?

"என்னடி, உயிரு இருக்கான்னு பாக்கிறியா? இருக்கு. விடு," என்றாள் சிதேரி. வாயில் குண்டூசிகள் இருந்ததால் பேச்சு பல்லிடுக்கு வழியாக வந்தது. "ஊசி குத்துச்சுன்னா என்னக் கேக்கக் கூடாது."

"ஊருக்குப் போறியே. ஒரு பாசம்."

"உனக்கா? எம் மேலயா? மழ வந்துரும்."

மழை ஏற்கெனவே பெய்துகொண்டுதான் இருந்தது. சுவா நகரத்தில் அதையெல்லாம் யாரும் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. தோரிகா பிடியை விட்டாள், ஆனால் கையைக் கீழே போடவில்லை. கட்டிப்பிடித்த வளைவு கலையாமல், காற்றில் ஒரு பெரிய பானையைச் சுமப்பவள் மாதிரி அப்படியே திரும்பிப் படியிறங்கினாள். படியில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள், அவர்களில் ஒருத்தி ஏதோ மந்திரியின் பெண்டாட்டி, ஒதுங்கி வழிவிட்டார்கள். குடை பிடிக்கக் கை இல்லை. நனைந்துகொண்டே தெருவைக் கடந்தாள். பஸ் நிலையத்தில் ஒரு போலீஸ்காரன், "என்னம்மா ஆச்சு, கை சுளுக்கிக்கிச்சா?" என்று கேட்டான். "பேச்சு குடுக்காத, அளவு சிந்திரும்," என்றாள். சந்தைக்குள், தோரிகா விற்கும் ஆற்றுமட்டிக் குவியலுக்குப் பின்னால், அவளுடைய நாத்தனார் அனசீனி அளவு நாடாவோடு காத்திருந்தாள்.

அனசீனி அந்தக் கை வளைவுக்குள் நாடாவை ஓட்டி அளந்தாள். மிச்சமிருந்த சாணையும் விரல்களையும் கூட்டினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"அண்ணி, இது சிதேரியா, தண்ணித் தொட்டியா?"

"வயசானா எல்லாரும் பெருக்கத்தான் செய்வாங்க. நீ எழுதிக்க."

சிதேரி கடையை மூடிவிட்டு தன் சொந்த ஊரான லகேம்பா தீவுக்கே போகப் போகிறாள் என்ற சேதி வந்த நாளிலிருந்து சந்தையில் வேறு பேச்சில்லை. அவளுக்கு அறுபத்தெட்டு வயது. தீவில் அக்கா ஒருத்தி தனியாக இருக்கிறாள். "ஊசியில நூல் கோக்க நாலு தடவ எச்சி தொட வேண்டியிருக்கு. அஞ்சாவது தடவ வர்றதுக்குள்ள கெளம்பிர்றேன்," என்று சிதேரி எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள். அவள் தைத்த உடுப்புகள் சிட்னி மேடைகளில் நடந்திருக்கின்றன. பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் படம் வந்திருக்கிறது. ஆனாலும் கடைக்கு வருகிறவர்கள் வந்த வரிசைப்படி மாடிப்படியில்தான் உட்கார வேண்டும். மந்திரி வீடானாலும் மட்டி விற்கிறவளானாலும் அதே படிதான், அதே கைப்பிடிச் சுவர்தான். அவள் போகிறாள் என்றதும் கிழங்கு விற்கிறவள், கடல்பாசி விற்கிறவள், பூக்கடைக்காரிகள் என்று சந்தைப் பெண்கள் நாற்பது பேர் சேர்ந்து துறைமுகத்தில் வழியனுப்புவதென்று முடிவு செய்தார்கள். தலைமை தோரிகாவுக்கு. யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சு விடுகிற மாதிரி அனிச்சையாக நடந்துவிட்டது. இந்த ஊரில் கல்யாணமோ சாவோ, சபைக் கூட்டமோ, விமான நிலையத்தில் ஒருவரை ஏற்றிவிடுவதோ, கூட்டமாகப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். கலவத்தா என்று பேர். எந்தத் துணி என்று சண்டை போடுவார்கள், துணி எடுக்கலாமா வேண்டாமா என்று யாரும் யோசிப்பதே இல்லை. ஆக, தோரிகாவும் அனசீனியும் கம்மிங் தெரு ஜயந்திலாலின் துணிக்கடைக்குப் போனார்கள். நாற்பது பேருக்குக் காணும்படி அவரிடம் ஒரே ஒரு துணிதான் இருந்தது. ஆரஞ்சு நிறம். அதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பச்சை ஆமைகள். ஆமைக்கும் ஆமைக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பூ. "ரொம்ப நல்லாருக்கு," என்று இருவருமே சொன்னார்கள். வெட்டி வாங்கிவந்து பங்கு போட்டும் ஆயிற்று. மறுநாள் டீ குடிக்கும்போதுதான் அனசீனி ரொட்டியை வாய்க்கருகில் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"அண்ணி. சிதேரிக்குக் கலவத்தான்னா ஆகாதே."

ஆகாதுதான். ஊருக்கே தெரியும். ஒருவருக்குத் தைத்ததை இன்னொருவருக்குத் தைக்காதவள் சிதேரி. துணியில் அச்சைக்கூட ஆளுக்குத் தக்கபடி அவளே கையால் போடுவாள். ஒரு தடவை தேவாலயப் பாடகர் குழு முழுக்க அவள் படியேறி வந்து ஒரே துணியில் உடுப்பு கேட்டது. "நாப்பது பேருக்கு ஒரே துணியா? அதுக்கு நான் எதுக்கு? ஒரு கம்பி வாங்கி ஜன்னல்ல மாட்டுங்க, தெரச்சீலையாவது ஆகும்," என்று அனுப்பிவிட்டாள். ஆமை, பூ இதெல்லாம் போட்ட துணியைப் பற்றித் தனியாக ஒரு பேச்சு உண்டு. "ஆமைய அதுபாட்டுக்குக் கடல்ல விடுங்க. மாரு மேல அதுக்கு என்ன வேல?" என்பாள். இப்போது பார்த்தால் அவளுக்குப் பிடிக்காத எல்லாவற்றையும் தேடித் தேடி ஒன்றாகச் சேர்த்து நாற்பது துண்டாக வெட்டி வைத்தாகிவிட்டது.

அனசீனி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். தோரிகா கொஞ்ச நேரம் மட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பழைய சாவு வீடு ஒன்று ஞாபகம் வந்தது. தோரிகாவின் மாமியார் செத்தபோது சிதேரிதான் முதலில் வந்தவள். கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்கு தோல் சீவினாள். புகைப்படம் எடுக்கும் நேரம் வந்தபோது சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஊதாப்பூப் போட்ட ஒரே துணியில் வரிசையாக நின்றார்கள். கறுப்பு அங்கியோடு சிதேரி தானாகவே ஓரமாக விலகி, கேமராக்காரன் பக்கம் போய் நின்றுகொண்டாள். "கொஞ்சம் கிட்ட நில்லுங்க, தோள் வரல," என்று அங்கிருந்து அதிகாரம் பண்ணினாள். அன்றைக்கு அது யாருக்கும் உறைக்கவில்லை. பாதிச் சுவாவுக்கு உடுப்பு தைத்தவளை எந்தக் கலவத்தாவிலும் யாரும் சேர்த்துக்கொண்டதில்லை. அவளைப் போய் யார் கேட்பது? அவள் அளவுகூட யாருக்கும் தெரியாது.

"அவளுக்கும் ஒண்ணு தைப்போம்," என்றாள் தோரிகா.

"யாரு தைக்கிறது?"

"நீதான். மிஷினு வச்சிருக்கியே."

"அண்ணி, நான் பள்ளிக்கூடத்துப் பாவாட தைக்கிறவ. சிதேரி தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னே தையல் கோணலக் கண்டுபிடிப்பா. போட்டுக்குவாளா?"

அதுதான் தோரிகாவுக்கும் தெரியவில்லை. ஜயந்திலாலிடம் திரும்பிப்போய் நாற்பத்தொன்றாவது துண்டை வெட்டி வாங்கிவந்தாள். சிதேரி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளையாக நன்றி சொல்லி, மடித்துப் பைக்குள் வைத்துவிட்டால் அவ்வளவுதான், அதற்கு மேல் தோரிகாவுக்கு ஒன்றும் இல்லை. கன்னத்தில் அறைந்தால்கூடத் தாங்கிக்கொள்வாள். அந்த மரியாதையை மட்டும் தாங்க முடியாது.

ஏனென்றால் அவர்களுக்குள் மரியாதை என்பதே கிடையாது. சிதேரியின் தீவுக்கும் ரேவா ஆற்றங்கரையில் இருக்கும் தோரிகாவின் ஊருக்கும் ஆதி தெய்வம் ஒன்று. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தௌவு. தௌவு வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்காமல் எடுக்கலாம், எப்படி வேண்டுமானாலும் ஏசலாம், ஏமாற்றலாம், சாவு வீட்டில்கூடக் கேலி பண்ணலாம். கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. மரியாதையாகப் பேசினால் ஏதோ மனஸ்தாபம் என்று பொருள். இருபது வருஷமாக இருவரும் பார்த்த இடத்தில் எல்லாம் திட்டிக்கொண்டார்கள். சிதேரியின் கடையிலிருந்து தோரிகா கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு போவாள். சிதேரி சந்தைக்கு வந்து ஒரு கூடை மட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு நடப்பாள். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், தோரிகாவுக்குச் சிதேரியைப் பிடிக்கும். சாதாரணப் பிடித்தம் இல்லை. தலைவலித்தால் அந்த மாடிப்படியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்கிற அளவுக்குப் பிடிக்கும். அதைச் சொல்ல மட்டும் தௌவு முறையில் வழியே இல்லை.

எல்லாம் தோரிகாவின் மகள் கல்யாணத்தில் ஆரம்பித்தது. அவள் நல்ல உயரம், அதற்குத் தக்க அகலம். கடை கடையாக ஏறி இறங்கினாள். விற்பனையில் நின்ற பெண்கள் எல்லோரும் அவள் உடம்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். கடைசியில், கட்டுப்படியாகாது என்று தெரிந்தும், சிதேரியின் படியில் போய் உட்கார்ந்தாள். சிதேரி அவளை நடு அறையில் நிறுத்தி, கையை இரண்டு பக்கமும் விரிக்கச் சொல்லிச் சுற்றி வந்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். ஊர்ப்பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து திட்ட ஆரம்பித்தாள். "அடி என் தௌவு சிறுக்கி, கவுத்துப்போட்ட படகு கணக்கா இருக்கியே. நல்லதாப் போச்சு. படகாயிருந்தாத்தான் பாய் நிக்கும். குச்சியில கட்டினா பறந்துல்ல போயிரும்?" வாயில் ஊசியோடு சுற்றிச் சுற்றிக் குத்தினாள். தோரிகாவுக்கு ஏனோ அழுகை முட்டியது. ஒருத்தர் அவ்வளவு நேரம் அவள் உடம்பை முகம் சுளிக்காமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அழுதா நான் பதிலுக்கு அழ முடியாதுடி, வாய் நெறைய ஊசி," என்றாள் சிதேரி. 

அந்த உடுப்பு இன்றைக்கும் தோரிகாவின் பெட்டியில் இருக்கிறது. முழங்கால் வரை மேலாடை, கீழே கணுக்கால் வரை பாவாடை, எல்லோரும் போடுகிற அதே சுலு ஜம்பாதான். ஆனால் வெளியே ஆற்றுமட்டி ஓட்டின் கறுப்பும் பழுப்பும், உள்ளே பட்டு மாதிரி வெளுத்த ஒரு துணி. நிற்கும்போது கறுப்புத்தான் தெரியும். நடந்தால், ஆடினால், ஓரம் விலகி உள்ளே இருக்கும் வெள்ளை பளிச்சென்று ஒரு கணம் தெரிந்து மறையும். தோரிகா அன்றைக்கு உட்காரவே இல்லை. பெண்ணின் தாய் என்ற அடக்கம் கிடக்கட்டும் என்று, வெள்ளை தெரிய வேண்டும் என்பதற்காகவே பந்தல் முழுக்கச் சுற்றி ஆடினாள். புருஷன் எசலாகூட, "யாருய்யா இந்தப் பொண்ணு?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான். விருந்துக்கு வந்த சிதேரி மட்டும், "படகு கரையேறிருச்சு, நகருங்க நகருங்க," என்று கத்திக்கொண்டிருந்தாள்.

கப்பல் கிளம்ப நாள் நெருங்கியது. அனசீனிக்கு அளவில் நம்பிக்கை வரவில்லை. "கையால அளந்தது சரியா வராது அண்ணி, ஒரு கயிறாவது போட்டுப் பாரு," என்று நச்சரித்தாள். தோரிகா மறுபடியும் படியேறினாள். சிதேரி ஜன்னலோரம் முதுகைக் காட்டி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். கடை பாதி காலியாகி, சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. "முதுகுல நூல் ஒட்டியிருக்கு, எடுத்து விடுறேன்," என்று தோரிகா பின்னால் போய், மட்டி மூட்டை கட்டும் சணலை இடுப்பைச் சுற்றி ஓட்டினாள். சிதேரி ஏதோ சபைப் பாட்டை முனகிக்கொண்டு தைத்துக்கொண்டே இருந்தாள். 

"நூல் எடுத்தாச்சா?"

"ஆச்சு. ஒட்டட மாதிரி அப்பியிருக்கு. கடைய என்னிக்காவது பெருக்கினாத்தானே."

"பேசாம நீயே பெருக்கிட்டுப் போயேன். அந்த மூலையில வெளக்கமாறு இருக்கு. உன் சாயல்லதான் இருக்கும், தேடாம கெடைக்கும்."

தோரிகா கடையைப் பெருக்கினாள். மூலை முடுக்கெல்லாம் பெருக்கினாள். நூல் துணுக்குகள், பித்தான்கள், வெட்டி எறிந்த ஓரத்துணிகள் எல்லாம் ஒரு குவியலாகச் சேர்ந்தன. அதை அள்ளிக் குப்பையில் போட மனசு வராமல் ஒரு கைப்பிடியை எடுத்துத் தன் பையில் திணித்துக்கொண்டாள். சிதேரி திரும்பவே இல்லை. கீழே வந்து அளந்தபோது சணல் முதல் அளவைவிட இன்னும் ஒரு சாண் கூடக் காட்டியது.

"போன வாரத்துக்கு இந்த வாரம் ஊதிட்டாளா?" என்றாள் அனசீனி.

"ஊருக்குப் போற சந்தோஷம். நல்லாத் திங்கிறா போல. நீ பெருசாவே தைய்யி, பத்தாமப் போச்சுன்னாத்தான் அசிங்கம்."

கப்பல் நாளன்று மதியம் வாலு பே துறையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மாவு மூட்டைகள், மண்ணெண்ணெய்ப் பீப்பாய்கள், சுருட்டிய மெத்தைகள், பாயில் சுற்றிக் கட்டிய சிதேரியின் தையல் மிஷின் என்று சாமான்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. சரக்குக் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பெண்கள் ஆமைத் துணியில் நின்றார்கள். கையில் மாலை, போகிறவள் தலையில் தூவப் பவுடர் டப்பா, மடியில் பொட்டலம் கட்டிய மீனும் கிழங்கும். சேர்ந்து நின்றபோது அந்தத் துணி கடையில் பார்த்ததைவிடப் பலமடங்கு கத்தியது. தோரிகா தாளில் சுற்றிய பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

சிதேரி டாக்சியில் வந்து இறங்கினாள். அதே கறுப்பு அங்கி. மணிக்கட்டில் வழக்கம்போல ஊசி குத்தும் பஞ்சுப் பட்டை. நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகப் பார்த்தாள். பாட ஆரம்பித்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"கண்ணு மங்கிட்டு வருதுன்னு தெரியும்," என்றாள் சிதேரி. "இவ்வளவு மோசமாவா? ஒரே ஆளு நாப்பது தடவ தெரியுது."

கொட்டகை அதிர ஒரு சிரிப்பு எழுந்தது. தோரிகா மட்டும் சிரிக்கவில்லை. பொட்டலத்தை நீட்டினாள். ஏதாவது திட்ட வேண்டும், திட்டிக்கொண்டே கொடுத்தால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள், ஒரு வசவும் வாயில் வரவில்லை. "இது உனக்கு," என்று மட்டும் சொன்னாள்.

சிதேரி தாளைப் பிரித்தாள். ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தது. எப்போதும் செய்கிற மாதிரி முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். தோள் தையல், கை தையல், அடியில் மடித்த ஓரம் எல்லாவற்றிலும் கட்டைவிரலை ஓட்டினாள்.

"யாரு தையல்?"

"நாந்தான்," என்றாள் அனசீனி, எங்கோ பின்னாலிருந்து.

"பள்ளிக்கூடத்துப் பாவாட தைக்கிற கையி. நேரா இருக்கு." இன்னொரு தடவை விரலை ஓட்டி, "அளவுக்கு மேல நேரா இருக்கு," என்றாள்.

பிறகு அதை மடித்தாள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. தோரிகா அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்ததைச் சிதேரி பைக்குள் வைக்கவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தெரச்சீலைக்குத்தானே எடுத்தீங்க. சுத்தி நில்லுங்க. நான் மாத்த வேணாமா?"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் நாற்பது பேரும் விழுந்தடித்துக்கொண்டு வட்டமாகக் கைகோத்து முதுகைக் காட்டி நின்றார்கள். ஆமைகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி ஒரு சுவராயின. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மரியாதையாகக் கடலைப் பார்த்தார்கள். தோரிகாவை மட்டும் சிதேரி வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டாள். கறுப்பு அங்கி தலைவழியே கழன்றது. உள்ளாடையோடு நின்றவளைப் பார்த்துத் தோரிகா வாயைப் பிளந்தாள். ஒல்லி. கொடிக்கயிற்றில் காயப்போடலாம், அவ்வளவு ஒல்லி. ஆமைத் துணி தலைவழியே இறங்கி, தோளில் நிற்காமல் நழுவி, இரண்டு பக்கமும் கூடாரமாகத் தொங்கியது. இன்னொரு சிதேரியை உள்ளே குடிவைக்கலாம். வட்டம் விலகியது. பார்த்தவர்கள் யாருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஐயோ, நான் அப்பவே சொன்னேன்," என்று அனசீனி முகத்தை மூடிக்கொண்டாள்.

"கட்டிப்புடிச்சேனே. ரெண்டு கையும் சேரலியே," என்றாள் தோரிகா.

"எப்படிச் சேரும்? உள்ள குளிக்கிற துண்ட சுத்தியிருந்தேன்," என்றாள் சிதேரி. "நீ மறுபடி வருவன்னு தெரியும். ரெண்டாவது தடவ ரெண்டு துண்டு, ஒரு தலகாணி. வேர்த்து ஊத்திருச்சு. பெருக்கி முடிக்கிற வரைக்கும் திரும்பாம உக்காந்திருந்தேன் பாரு, அதுக்கே நீ எனக்கு ஒரு கூட மட்டி தரணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாப்பது துண்டு வெட்டிக்கிட்டுப் போனவ திரும்பி வந்து இன்னும் ஒண்ணுன்னா ஜயந்தி சும்மா இருப்பானா? அன்னிக்கே போன் பண்ணிட்டான். 'சிதேரியம்மா, உங்களுக்கு ஆமை வருது'ன்னு."

இப்போது சிரித்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தௌவு தௌவை ஏமாற்றிவிட்டாள், ரேவாக்காரியை லகேம்பாக்காரி கவிழ்த்துவிட்டாள் என்று யாரோ கூவினார்கள். யாரோ ஒருத்தி சிதேரியின் தலையில் பவுடரைக் கவிழ்த்தாள், அடுத்தவள் கன்னத்தில் அப்பினாள். தோரிகாவுக்கும் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

"அதுக்காக உடுப்பையா பாழாக்குவ? கரெக்டா வந்திருந்தா அழகாப் போட்டுக்கிட்டுப் போயிருப்பல்ல?"

"கரெக்டா வந்திருந்தா நீ குடுத்திருப்ப, நான் போட்டிருப்பேன், அவ்வளவுதானே," என்றாள் சிதேரி. மணிக்கட்டிலிருந்த பஞ்சுப் பட்டையைக் கழற்றித் தோரிகாவின் உள்ளங்கையில் வைத்தாள். "எத்தன பேரு எம் முன்னாடி கைய விரிச்சுக்கிட்டு நின்னிருக்காங்க. எனக்கு யாரு குத்தினா? குத்துடி."

அவள் கொட்டகை நடுவில் போய் நின்று, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள். இத்தனை வருஷமாக மற்றவர்களை எப்படி நிற்கச் சொன்னாளோ அப்படியே, முதுகை நிமிர்த்தி, முகவாயை லேசாகத் தூக்கி நின்றாள். தோரிகா ஊசிகளை உருவி வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தைக்கத் தெரியாது, குத்த மட்டும் தெரியும். அத்தனை தடவை குத்தப்பட்டு நின்றிருக்கிறாள். தோளில் ஒரு மடிப்பு எடுத்துக் குத்தினாள். விலாவில் துணியைத் திரட்டிப் பிடித்து, ஊசியை உள்பக்கம் படாமல் சாய்த்துக் குத்தினாள். ஆமைகள் பாதி பாதியாக மடிந்து ஒன்றுக்குள் ஒன்று போயின. கைக்குக் கீழே சிதேரியின் எலும்பும் சூடும் மூச்சும் தட்டுப்பட்டன. இவ்வளவு சின்ன உடம்பா இத்தனை பேரைத் தூக்கி நிறுத்தியது என்று நினைத்துக்கொண்டே தோரிகா அடுத்த மடிப்பை எடுத்தாள். சுற்றிலும் விட்ட இடத்திலிருந்து பாட்டு ஆரம்பித்தது.

கப்பல் ஊதியது. மேல்தட்டிலிருந்து ஒருவன், "அம்மா, நேரமாச்சு, ஏறுங்க," என்று கத்தினான். "அளவு எடுத்துக்கிட்டு இருக்கோம்," என்று சுற்றி நின்றவர்கள் ஒரே குரலில் பதில் கத்தினார்கள். அவன் கல்யாணச் சட்டையும் சிதேரி தைத்ததுதான். கைப்பிடியில் சாய்ந்து நின்றுகொண்டான்.

இடுப்புக்கு வந்தபோது தோரிகா மண்டியிட்டாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அந்தக் கறுப்பும் வெள்ளையும் போட்டு ஆடின அன்றைக்குப் பிறகு நான் தலை குனிந்து நடந்ததே இல்லை, நீ போனால் அந்தப் படியில் நான் யாரைப் பார்க்க ஏறுவேன். எல்லாம் தொண்டை வரை வந்துவிட்டது. "ம்ம்," என்றாள்.

"பேசாத," என்றாள் சிதேரி, கண்ணைத் திறக்காமல். "வாயில ஊசி இருக்கு." பவுடர் அப்பிய கன்னத்தில் ஒரு கோடு ஈரமாக இறங்கியது. "எனக்குத் தெரியும். குத்து."

தோரிகா அவசரப்படாமல், ஒவ்வொன்றாகக் குத்தினாள்.

கழுத்து நிறைய மாலையும் தலை நிறைய பவுடருமாகச் சிதேரி ஏணிப்பலகையில் ஏறினாள். ஊசி குத்திவிடும் என்று கைகளை உடம்போடு சேர்க்காமல், இரண்டு பக்கமும் விரித்தபடியே போனாள். அதனால் கையசைக்க முடியவில்லை. மேல்தட்டில் போய்த் திரும்பி நின்றபோதும் கைகள் அப்படியேதான் விரிந்திருந்தன. கீழே மற்றவர்கள் எல்லோரும் உரக்கப் பாடினார்கள். வாயைத் திறந்தால் விழுந்துவிடும் என்று தோரிகா மட்டும் பாடாமல் நின்றாள். கடைசி ஊசி ஒன்று இன்னும் அவள் உதட்டில் இருந்தது.